அவுட் போனால் கேரளா

எங்கள் மைதானத்துக்குத் தெற்கே கடல்.
மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால்
பத்தடி தள்ளிக் கேரளா.
கல் ஒன்று நட்டிருந்தார்கள்,
ஒரு ஆடிமாசத்தில் அதைக் கடல் கொண்டுபோயிற்று.
இப்போது எல்லை
கிளீற்றஸ் வீட்டு மீன்பெட்டி அடுக்குக்கும்
ஒரு பொழியூர்க் கோழிக்கூட்டுக்கும் நடுவில்
எங்கேயோ கிடக்கிறது.

பந்து அங்கே போனால்
கோழிக்கூட்டுக்காரி மலையாளத்தில் ஏசுவாள்.
நாங்கள் தமிழில் கெஞ்சுவோம்.
அவள் பிறந்தவீடு சின்னத்துறை.
மீன் விலை கேட்பது, ஜெபம் சொல்வது எல்லாம் தமிழ்தான்,
ஏசுவதற்கு மட்டும் மலையாளம்.

ததேயு தமிழ்நாட்டுக்கு ஆடினான்.
அவன் தம்பி, ரேஷன் கார்டு மாமன் வீட்டிலிருந்த காரணத்தால்,
கேரளாவுக்கு.
இரண்டு பேரும் மோதிய சாயங்காலம்
அவர்கள் அம்மை டிவியை அணைத்துவிட்டு
கழுவிய மீனையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உலகக்கோப்பை வந்தால்
வள்ளங்களுக்கெல்லாம் வேறு தேசம்.
குருசடி முக்கில் மஞ்சள்,
ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் நீலமும் வெள்ளையும்.
ஜெர்மனிக்கு ஒரே ஒரு ஆள், லூர்தையன்,
அவனுக்கும் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

'லேய், பிரேசில்காரனுக்கு ஒன்னத் தெரியுமாலே?'
'டெல்லிக்காரனுக்குந்தான் தெரியாது.
ஓட்டுப் போடுதேம்லா?'
'இந்தியா எப்பம் ஆடும்?'
'இந்தியா ஆடுனா பாப்போம்.'
பிறகு கொஞ்ச நேரம்
யாரும் பேசவில்லை.
சூரை அவியும் மணம் மட்டும் வந்தது.

இதையெல்லாம் நான் சொன்னால்
'நீ சொல்லாதே, விசாக்காரா' என்பார்கள்.

கதை இதுதான்.
கொச்சியிலிருந்து போய்ப் பதினாறாம் நாள்,
சுறாத் தூண்டில் போட்டிருந்தோம்.
வயர்லெஸ்ஸில் அரையிறுதி ஸ்கோர் கேட்டுக்கொண்டே
கோட்டைத் தாண்டிவிட்டோம்.
தண்ணீரில் கோடு எங்கே தெரிகிறது?
சாம்பல்நிறக் கப்பல் ஒன்று வந்தது.
எந்த நாடு என்று இங்கிலீஷில் கேட்டான்.
மெல்கியாஸ் மஞ்சள் ஜெர்சியில் நின்று,
பயத்தில்,
பிரேசில் என்றான்.

கப்பல்காரன் சிரித்தான். ஆனாலும் பிடித்தான்.
அந்த நாட்டின் பெயர் சொல்லமாட்டேன்,
படகு இன்னும் அங்கேதான், கேஸ் முடியவில்லை.
ஐந்தாம் நாள் முகாமின் பின்முற்றத்தில்
காவலர்கள் பந்தைத் தூக்கிவந்தார்கள்.
நாங்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் பத்து.
ஒருவனைக் கடன் கொடுங்கள் என்று சைகை காட்டினார்கள்.
எல்லோரும் என்னைத் தள்ளினார்கள்,
இங்கேயே இருந்தாலும் பெஞ்சில்தான் இருப்பான் என்று.

கால் பூட்ஸ் இல்லை, சிமெண்டுத் தரை.
இடதுபக்கம் ஒரு காவலன் பந்தை வெட்டிக் கொடுத்தான்.
முன்னால் மெல்கியாஸ் மட்டும்,
என் மச்சான், என் படகில் பாதிப் பங்கு.
சத்தியமாகச் சொல்கிறேன்,
அந்த நேரத்தில் எனக்கு நாடு ஓர்மை வரவில்லை,
வலது மூலை மட்டும் தெரிந்தது.

அடித்தேன்.
துப்பாக்கி வைத்திருந்தவன் ஓடிவந்து
என்னைக் கட்டிப்பிடித்தான்.
அவன் வியர்வையிலும் எங்களூர் மாதிரி
உப்பும் டீசலும் மணத்தது.
அன்றிரவு எனக்கு மட்டும் இரண்டு ரொட்டி.
பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தேன்.
மெல்கியாஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

ஊர் வந்து மூன்று வருஷம்.
பாஸ்போர்ட் ஆபீசில் 'தேசியம்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நிற்கிறது,
பின்னால் எவனோ சிரிப்பது போல.

இந்த வருஷம் தெற்கு மூலைக்கொடியையும்
கடல் எடுத்துவிட்டது.
மூன்று மூலை வைத்து ஆடுகிறோம்.
நேற்று பந்து அலைக்குள் போயிற்று.
த்ரோ யாருக்கு என்று அடிதடி வரை வந்தது.
பெர்க்மான்ஸ் விசிலை எடுத்து லுங்கியில் துடைத்துவிட்டு
'எங்க கரையேறுதோ, அவனுக்கு' என்றான்.

இரண்டு ஊரும் வரிசையாக நின்று பார்த்தோம்.
மெல்கியாஸ் என் பக்கத்தில்தான் நின்றான்.
பந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது.